பூந்தோட்டத்துக்கு இரவில் விளக்கு வேண்டுமா? நம் ஆற்றோரத்து வெளிச்சத்தின் கதை

 

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன் டீ ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் வீடியோக்கள் எல்லார் ஃபோனிலும் சுற்றுகின்றன. சிங்கப்பூரில் இரவில் நிறம் மாறும் இராட்சத மரங்கள். லண்டன் கியூ தோட்டத்தில் விளக்கு வளைவுகளுக்குள் நடந்து போகும் குடும்பங்கள். பார்த்து முடித்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “நம்ம பேராதனைப் பூந்தோட்டத்திலும் இப்படிச் செய்தால் என்ன?” வகுப்பில் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள்.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் சரித்திரம் படிப்பிக்கிற நமக்கு, ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது, யாருக்காக ஏற்றினார்கள், அந்த நேரத்தில் இருட்டில் நின்றவர் யார் என்று கேட்கத்தான் தோன்றும். அப்படிக் கேட்டுக்கொண்டே போனால் லாகூரில் தொடங்கும் கதை, மைசூர் வழியாக நம் திகன, தெல்தெனிய வரைக்கும் வந்து சேர்கிறது.

*மாடத்தில் வைத்த விளக்கு*

தோட்டத்தை இரவில் அலங்கரிப்பது எல்.ஈ.டி. வந்த பிறகு பிறந்த யோசனை அல்ல. லாகூர் ஷாலிமார் தோட்டத்தின் வேலை ஷாஜஹான் காலத்தில், 1641 இல் தொடங்கியது. மூன்று தட்டாக இறங்கும் தோட்டம் அது. தண்ணீர் மேலிருந்து சுவரில் வழிந்து விழும். அந்தச் சுவரில் வரிசை வரிசையாகச் சின்ன மாடங்கள். பகலில் அவற்றில் பூ வைப்பார்கள், இரவில் விளக்கு. விழும் தண்ணீரின் திரைக்குப் பின்னால் சுடர் நடுங்கும். ‘சீனி கானா’ என்று இந்த மாட வரிசைக்குப் பெயர். இன்று ஒளிக்கலைஞர்கள் புரொஜெக்டர் வைத்துத் தண்ணீர்த் திரையில் காட்டுவதை அன்றைய கொத்தனாரும் விளக்கேற்றுபவனும் எண்ணெய்த் திரியால் செய்தார்கள். ஆனால் பார்த்தவர்கள் அரச குடும்பமும் அரசவையும்தான்.

அடுத்த நூற்றாண்டில் லண்டனில் வொக்ஸ்ஹோல் தோட்டம். மரங்களுக்கிடையே ஆயிரக்கணக்கான எண்ணெய் விளக்குகளைத் தொங்கவிட்டு, அந்தி சாயும்போது கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதாவது அரசனின் வெளிச்சம் டிக்கட் வெளிச்சமாக மாறியது. காசு இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் வேலிக்கு வெளியே நிற்கலாம்.

மூன்றாவது, நமக்குப் பக்கத்தில் உள்ளது: மைசூர் பிருந்தாவனம். பழைய தமிழ்ப் படப் பாடல்கள் பார்த்தவர்களுக்கு அந்த வண்ண நீரூற்றுகள் ஞாபகம் இருக்கும். காவிரியின் குறுக்கே கட்டிய கிருஷ்ணராஜ சாகர் அணையின் காலடியில், 1927 இலிருந்து 1932 வரை உருவான தோட்டம் அது. உருவாக்கியவர் மைசூர் சமஸ்தானத்தின் திவான் சேர் மிர்ஸா இஸ்மாயில். ஓர் இந்து மகாராஜாவின் அரசை 1926 இலிருந்து 1941 வரை நிர்வகித்த முஸ்லிம். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் அவரும் சிறுவயதில் ஒன்றாகப் படித்தவர்கள். தோட்ட அமைப்பில் துணை நின்றவர் குரும்பீகல் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். அவர் இந்தியாவுக்கு வருமுன் வேலை செய்த இடம் கியூ தோட்டம்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. காவிரியில் சிவசமுத்திரத்தில் 1902 இலேயே மின்சாரம் எடுத்து, முதலில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். 1905 இல் பெங்களூர் வீதி விளக்குகள் எரிந்தன. பிறகுதான் பூந்தோட்டத்து நீரூற்றுக்கு வண்ணம் வந்தது. அணை, மின்சாரம், ஒளித்தோட்டம் என்று மூன்றும் ஒரே ஆற்றின் கதை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் மகாவலிக்கு வரும்போது தேவைப்படும்.

இன்றைய அலை எப்படி வந்தது? நீல நிற எல்.ஈ.டி.தான் காரணம். சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. நீலம் 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் கைகூடியது. மூன்றும் சேர்ந்தால்தான் வெள்ளை ஒளி, மூன்றும் இருந்தால்தான் எந்த நிறமும். அதைச் செய்த மூவருக்கு 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. கொஞ்ச மின்சாரம், அதிகம் சூடாகாத விளக்கு, கம்ப்யூட்டரில் மாற்றக்கூடிய நிறம். ஆகவே மரத்தடியிலும் விளக்கு வைக்கலாம் என்றானது. சிங்கப்பூரில் 25 மீற்றரிலிருந்து 50 மீற்றர் வரை உயர்ந்த செயற்கை மரங்களோடு ‘கார்டன்ஸ் பை த பே’ 2012 இல் திறந்தது. 1759 இல் தொடங்கிய கியூ தோட்டம், நத்தார் கால இரவு ஒளிப்பாதையை 2013 இல் ஆரம்பித்தது. பிறகு உலகத்தின் பல தாவரவியல் பூங்காக்கள் அந்த வழியில் போயின.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் ‘கிதாபுல் மனாழிர்’ எழுதினார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணைத் தொடுகிறது என்று சோதனைகளோடு நிறுவியவர் அவர். 2015 ஐ சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது யுனெஸ்கோ அவரையும் நினைவுகூர்ந்தது. பெருமைப்பட்டுவிட்டு நிறுத்திவிடாமல், அவரைப்போல் சோதித்துப் பார்க்கவும் பழக்குவோம்.

*பேராதனை வேடிக்கைக்குப் பிறந்த தோட்டம் அல்ல*

மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் 1371 இல் மகாவலி ஓரத்தில் பேராதனையில் அரசவை வைத்திருந்தான் என்பதிலிருந்து தோட்டத்தின் கதையைச் சொல்வார்கள். பிறகு கண்டி அரசர்களும் அங்கே தங்கியிருக்கிறார்கள். கண்டி வீழ்ந்து ஆறு வருடங்களில், 1821 இல், அலெக்ஸாண்டர் மூன் என்ற ஆங்கிலேயர் அங்கே தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கினார். 1824 இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றையும் வெளியிட்டார். இன்று 147 ஏக்கர், 4,000 க்கும் மேற்பட்ட தாவர வகைகள். மூன்று பக்கம் மகாவலி சுற்றி வளைக்கிறது.

ஆங்கிலேயருக்கு அது ஒரு வேலைத்தலம். அஸ்ஸாமியத் தேயிலை விதை 1839 இல் இங்கே வந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867 இல் தேயிலைத் தோட்டம் போடுவதற்கு எத்தனையோ வருடம் முன்பே. சிங்கோனா 1861 இல் வந்தது. 1869 இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடிபோல ஒரு நோய் கண்டபோது, மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பியவர் பேராதனைத் தோட்ட அதிகாரி துவைட்ஸ். அந்த நோய்தான் மலையகத்துக் கோப்பியை அழித்து, தேயிலைக்கு வழிவிட்டு, இந்த மாவட்டத்தின் தலைவிதியையே மாற்றியது. 1876 இல் கியூவிலிருந்து வந்த இறப்பர் கன்றுகளை கம்பஹாப் பக்கம் ஹெனரத்கொடையில் நட்டார்கள். இந்த நாட்டின் இறப்பர் அங்கிருந்து வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் தோட்டம் வேறு வேடம் போட்டது. மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை 1944 ஏப்ரலில் டெல்லியிலிருந்து இங்கே கொண்டுவந்தார். பர்மாப் போரின் கட்டளைகள் நம் மூங்கில் பற்றைகளுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டன.

ஆகவே பேராதனையில் ஒளிக்காட்சி ஒன்று வைத்தால், அதில் காட்டுவதற்குக் கதைக்குப் பஞ்சமே இல்லை. வெறும் நிறம் காட்டிவிட்டு விடுவதென்றால் அந்த மரங்களுக்கு அது மரியாதை அல்ல.

*விளக்கு எரிவது யாருடைய நிலத்தில்?*

தோட்டத்தைச் சுற்றி வளைக்கும் அதே மகாவலி, கெட்டம்பே தாண்டி, கண்டி நகரை வடக்காக வளைத்து, பொல்கொல்லை கடந்து நம் குண்டசாலைக்கு வருகிறது. 1707 இலிருந்து 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் இந்த ஆற்றோரத்தில் மாளிகை கட்டி வாழ்ந்ததால், குண்டசாலை அரசன் என்றே அவனுக்குப் பெயர். கண்டியின் கடைசிச் சிங்கள அரசனும் அவன்தான். அவனுக்குப் பின் மதுரையிலிருந்து வந்த அவன் பட்டத்தரசியின் தம்பி அரசேறினான், நாயக்கர் காலம் தொடங்கியது. நம் ஊர்ச் சரித்திரமே பல மொழி பேசும் சரித்திரம்.

அந்த ஆற்றில்தான் நம் வெளிச்சம் பிறக்கிறது. 1976 இல் பொல்கொல்லையில் அணை கட்டி, தண்ணீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்து உக்குவெலப் பக்கம் திருப்பினார்கள். அங்கே மின்சாரம். பிறகு பிரித்தானிய உதவியோடு விக்டோரியா. 122 மீற்றர் உயரம், 210 மெகாவாற், 1985 ஏப்ரலில் திறப்புவிழா.

அதற்காக மூழ்கியது பழைய தெல்தெனிய நகரம். கடைத்தெரு, வீடுகள், ஆற்றோர வயல்கள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. கடும் வரட்சி வந்து நீர் மட்டம் இறங்கினால் பழைய ஊரின் இடிபாடுகள் இன்னும் வெளியே தெரிகின்றன. அப்போது படம் எடுக்க இளைஞர்கள் ஓடுகிறார்கள். அந்த மண்ணில் பிறந்த முதியவர்கள் சிலர் பேசாமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிங்களவரும் முஸ்லிமும் தமிழரும் ஒன்றாக இழந்த ஊர் அது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டோம். அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்தார்கள். ஆகவே மரத்துக்கு வண்ணம் பூச மின்சாரம் செலவழிப்பது பற்றிக் கேள்வி வந்தால், கேட்பவரைப் பிற்போக்கு என்று சொல்லிவிடாதீர்கள். எல்.ஈ.டி. கொஞ்ச மின்சாரத்தில் எரியும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒளிக்காட்சியின் ஓரிடத்திலாவது, இந்த வெளிச்சத்துக்காக ஊரைக் கொடுத்தவர்களின் கதை மூன்று மொழியிலும் இருக்கவேண்டும் என்று கேட்பது நியாயம்.

*நம் இரவுகள்*

ஒளிக்காட்சி நமக்குப் புதிதா? கண்டிக்காரர்களுக்கு அதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. எசல பெரஹெராவில் கொப்பரை எரியும் தீப்பந்தங்கள் வீதியெங்கும் நடக்கின்றன. தலதா பேழை முன்செல்ல இன்றுள்ள வடிவத்தில் பெரஹெரா நடப்பது கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலிருந்து. அதைப் பார்க்க டிக்கட் இல்லாமலும் வீதியோரத்தில் பாய் விரித்துக் காத்திருக்கலாம். வெசாக் வந்தால் மூங்கிலும் மெல்லிய கடதாசியும் கொண்டு பிள்ளைகள் செய்யும் கூடுகள், சந்திகளில் பெரிய தோரணங்கள். வெசாக் தினம் ஆங்கிலேயர் காலத்தில் மீண்டும் பொது விடுமுறையானது 1885 இல். நம் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோரணம் பார்க்கப் போவது நமக்குப் பழக்கம். நோன்பு காலத்தில் தராவீஹ் முடிந்து வரும் நம் தெருக்களுக்கும் ஓர் அழகு இருக்கிறது.

கண்டி அரசில் நம் முன்னோர் இந்த வாழ்வின் உள்ளே இருந்தவர்கள். போர்த்துக்கேயர் விரட்டியபோது செனரத் மன்னன் முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்தான். தவளம் ஓட்டி உப்பும் சரக்கும் கொண்டுவந்த ‘மடிகே பத்த’ என்ற போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் அரச சேவை செய்தார்கள். அரச வைத்தியர்களாகவும் இருந்தார்கள்.

ஆனால் அதே வெசாக் வெளிச்சத்தில் நம் சரித்திரத்தின் ஓர் இருண்ட இரவும் இருக்கிறது. கம்பளையில் பெரஹெரா மேளம் பள்ளிவாசலைக் கடப்பது பற்றி 1912 இல் எழுந்த பிணக்கு நீதிமன்றம் போனது. 1914 இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் ஒரு விதமாகவும், 1915 தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் மறுவிதமாகவும் தீர்த்தன. மனங்கள் கசந்திருந்த நேரத்தில், 1915 மே 28 ஆம் திகதி வெசாக் இரவு, கண்டி காசில் ஹில் வீதியில் பள்ளிவாசலுக்கு அருகே ஊர்வலம் ஒன்று வந்தபோது மோதல் வெடித்தது. சில நாட்களில் அது பல மாகாணங்களுக்குப் பரவியது. ஜூன் 2 ஆம் திகதி ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் கொண்டுவந்து, அதன் பெயரில் சிங்கள மக்கள் மீது பெரும் கொடுமை செய்தார்கள். முஸ்லிம் கடைகளும் உயிர்களும் முதலில் போயின, பிறகு சிங்கள உயிர்களும் போயின. வென்றது யாரும் இல்லை.

நம் தலைமுறைக்கு 2018 மார்ச். தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்தார். அந்தக் குற்றத்தைச் செய்தவர்கள் நம் சமூகத்தவர் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அதற்குப் பழியாக 4, 5 ஆம் திகதிகளில் திகனயிலும் சுற்றுவட்டாரத்திலும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. நம் இளைஞர் ஒருவர் தீயில் இறந்தார். 6 ஆம் திகதி அவசரகால நிலை வந்தது, அடுத்த நாள் சமூக ஊடகங்களும் முடக்கப்பட்டன. வெறுப்பு பரவுவதற்குத் தன் தளம் இடம் கொடுத்ததற்காக 2020 இல் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

அந்த இரவுகளில் ஊரடங்கு. வெளியே வெளிச்சம் தெரிந்தால் அது விளக்கா நெருப்பா என்று பயந்து பார்த்தோம். வீட்டு விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருந்த தாய்மார் நம் ஊரில் எத்தனை பேர்! அந்த இரவுகளில் முஸ்லிம் அயலவருக்குக் காவல் நின்ற சிங்களக் குடும்பங்களும் பிக்குமார்களும் இருந்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். அன்று நான்கு வயதான பிள்ளைகள் இன்று நம் வகுப்பறையில் இருக்கிறார்கள்.

அதனால்தான் பூந்தோட்டத்து விளக்கை நாம் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. நம் மாவட்டத்தில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு, பயமில்லாமல், இரவில் ஒரே பாதையில் நடப்பதற்கு எத்தனை இடம் இருக்கிறது? எந்த மதத்தின் விழாவும் இல்லாத, எல்லாருக்கும் சொந்தமான ஓர் இரவு கிடைத்தால், அது சுற்றுலா வருமானத்தைவிடப் பெரிய காரியம்.

*தோட்டத்தின் உண்மையான இரவுக் குடிகள்*

இனி மறுபக்கம். பேராதனையில் இரவு யாருமே இல்லாத நேரம் அல்ல. அங்கே ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் பகலில் உயர்ந்த மரங்களில் தலைகீழாகத் தொங்குகின்றன. அந்தி சாய்ந்ததும் கூட்டமாகக் கிளம்பி நம் தலைக்கு மேலாலும் பறக்கின்றன. சின்ன வௌவால்கள்போல இவை எதிரொலி கேட்டு வழி அறிவதில்லை. பெரிய கண்ணாலும் மூக்காலும்தான் தேடுகின்றன. பழம் தின்று விதையைத் தூர இடத்தில் போடுவதால் காடு வளர்ப்பவையும் இவைதான். வெளிச்சம் போட்ட இடத்தைப் பழந்தின்னி வௌவால்கள் தவிர்ப்பதை கொஸ்தாரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2014 இல் காட்டியது. அது வேறு இனம்தான், ஆனாலும் கவனிக்கவேண்டிய விஷயம்.

செடிகளும் இரவை எண்ணுகின்றன. 1920 இல் கார்னர், அலார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் பல செடிகள் பூக்கின்றன என்று காட்டினார்கள். அந்தச் செடிகள் உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்பது பிறகு தெரியவந்தது. செவ்வந்திக்கு நீண்ட இரவு வேண்டும். நள்ளிரவில் சிறிது நேரம் விளக்குப் போட்டாலே பூக்காமல் நிற்கும். பூ வியாபாரத்துக்குச் செவ்வந்தி வளர்ப்பவர்கள் இதை ஒரு வித்தையாகவே வைத்திருக்கிறார்கள். இருட்டும் செடிக்கு ஓர் உணவு போலத்தான்.

*அப்படியானால்?*

நம் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். பேராதனையில் ஓர் ஒளிக்காட்சி வரட்டும். ஆனால் நான்கு விஷயம் இருக்கட்டும்.

1. வருடத்தில் சில இரவுகள் மட்டும், தோட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும். வௌவால் தங்கும் மரங்களுக்கும் ஆற்றோரத்துக்கும் விளக்குப் போகக்கூடாது. எங்கே போடலாம் என்பதைத் தாவரவியலாளர்களும் விலங்கியலாளர்களும் முடிவு செய்யட்டும். பல்கலைக்கழகம் பாதையின் மறுபக்கத்தில்தானே இருக்கிறது!

2. நாட்கூலிக் குடும்பம் ஐந்து பேரோடு வரக்கூடிய கட்டணம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் இலவசம். வேலிக்கு வெளியே நிற்கும் பிள்ளை இருக்கக்கூடாது.

3. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கதை. கோப்பி நோய், தேயிலைத் தொழிலாளர், தவளம் ஓட்டியவர், மூழ்கிய தெல்தெனிய எல்லாம் அதில் வரட்டும்.

4. விளக்குகளில் ஒரு பகுதியை நம் பிள்ளைகளே செய்யட்டும். வெசாக் கூடு கட்டத் தெரிந்த சிங்களப் பிள்ளையும், பெருநாளுக்குக் கடதாசிப் பூ வெட்டத் தெரிந்த முஸ்லிம் பிள்ளையும், தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் விளக்கேற்றும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து மூங்கில் சீவினால், அந்த மேசையே ஒரு பாடம்.

இதற்காக யாரையும் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. பழைய தெல்தெனியவில் கடை வைத்திருந்த, வயல் செய்த, அங்கே பாடசாலைக்குப் போன பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் இரவில் எந்தக் கடையில் பெட்ரோமக்ஸ் எரிந்தது, அயல் வீட்டில் யார் இருந்தார்கள், கடைசி நாள் எப்படிப் போனது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டு ஒரு கொப்பியில் எழுதட்டும். எந்த இனத்தவர் வீடாக இருந்தாலும் சரி. எழுதியதைப் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள், சேர்த்து வைப்போம். அவர்கள் போய்விட்டால் அந்த ஊர் இரண்டாவது தடவையும் மூழ்கிவிடும்.

வஸ்ஸலாம்.